கேரவனில் மைசூர்ப் போர்களின் வழியே: பெங்களூர்க் குடும்பம் ஒன்றின் கேள்விக்குப் பதில்

கேள்வி இது. ஒயிட்ஃபீல்டில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா. அப்பா ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது முழங்கால் வலி. ஆறு நாள் கேரவன் வாடகைக்கு எடுத்து, பெங்களூரைச் சுற்றியுள்ள பழைய கல்லறைகள், போர் நினைவிடங்கள், சண்டை நடந்த இடங்கள் எல்லாம் பார்க்க ஆசை. எந்த வழியில் போகலாம், இரவில் எங்கே வண்டியை நிறுத்தலாம், வண்டி தாங்குமா? கூடவே, "குழந்தைகளை வைத்துக்கொண்டு கல்லறை கல்லறையாகப் போவதா என்று அம்மா முகம் சுளிக்கிறார்" என்றும் எழுதியிருந்தீர்கள்.

நான் அல்சூர்க்காரன். இந்தச் சுற்றை ஒருமுறை காரிலும் இரண்டுமுறை கேரவனிலும் போயிருக்கிறேன். அம்மாவின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவர் சம்மதிக்காவிட்டால் வண்டி கிளம்பாது.

அவரிடம் நடுகல்லைப் பற்றிச் சொல்லுங்கள். செத்துப்போன வீரனுக்குக் கல் நட்டு, பூப்போட்டு, படையல் வைத்த ஆட்கள் நாம். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் ஒரே பையோடு போய்வருகிறோம். சித்தர் சமாதியில் உட்கார்ந்து கண் மூடுகிறோம். நம்ம பெங்களூரின் பெயர் கல்வெட்டில் முதலில் தென்படுவதே ஒரு சாவுச் செய்தியில்தான். பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் இருக்கும், சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு, "பெங்களூர்ச் சண்டையில்" இறந்தவனைப் பற்றிப் பேசுகிறது. ஆக ஊருக்கே தீட்டில்லை, நமக்கென்ன? ஒன்று மட்டும் அம்மா சொல்வது சரி: கல்லறைத் தோட்டத்தின் பக்கத்தில் இரவு வண்டியைப் போட்டுத் தூங்காதீர்கள். பேய்க்குப் பயந்து இல்லை, கொசுவுக்கும் ரோந்து போலீசுக்கும்.

இனி வண்டி. "கேரவன்" என்றதும் நமக்கு ஷூட்டிங்கில் நடிகர் உட்காரும் வண்டிதான் ஞாபகம் வரும். வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு டெம்போ டிராவலர்தான். உள்ளே படுக்கை, சின்ன மேடை, ஒரு கழிவறை, தலைக்கு மேல் ஏசி. எடுப்பவர்கள் எல்லோரும் இடங்களின் பட்டியலை முதலில் போட்டுவிட்டு, தங்குவதைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முகாம் எங்கே என்று முதலில் முடிவு பண்ணுங்கள், இடங்கள் அப்புறம். இதைச் சொன்னது நான் இல்லை, திப்பு சுல்தானோடு போரிட்ட கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி கார்ன்வாலிஸின் மாடுகள். 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்த கையோடு மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போன அந்தப் பெரிய சேனை, அரக்கெரேயில் சண்டையில் ஜெயித்தும் கோட்டையைத் தொட முடியாமல் திரும்பியது. தீனி இல்லாமல் இழுவை மாடுகள் செத்து விழ, இழுத்துவந்த முற்றுகைப் பீரங்கிகளைத் தாங்களே உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். கேரவன் பயணமும் இதே ரகம். எஞ்சின் இழுக்கும், தண்ணீர், கரண்ட், கழிவுத்தொட்டி இந்த மூன்றும்தான் வழியில் படுத்துவிடும் மாடுகள்.

என் முதல் பயணத்தில் வாடகைக்குக் கொடுத்தவர் "ராத்திரி முழுக்க ஏசி ஓடும் சார்" என்றார். பதினொன்றரைக்குப் போட்டோம், பன்னிரண்டரைக்கு நின்றது. மறுநாள்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் மொத்தம் 2,400 வாட்-அவர். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் போய்விடும். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய 1,500 வாட்-அவர் தின்னும். ஒரு பேட்டரிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை, இரண்டுக்கு ஒன்றரை மணி. ஆகவே, ஜெனரேட்டர் இருக்கிறதா, இல்லையென்றால் வெளியிலிருந்து 15 ஆம்பியர் பிளக்கில் மின்சாரம் எடுக்க நீளமான கேபிள் இருக்கிறதா என்று கேட்டு, உங்கள் கண்முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பும் அந்தப் பிளக் கிடைத்தால்தான்.

"ஆறு பேர் படுக்கலாம்" என்றால் டிரைவரையும் சேர்த்தா என்று கேளுங்கள். அந்தக் கணக்கில் டிரைவருக்கு இடம் இருக்காது. முன் சீட்டில் கால் மடக்கிப் படுத்தவர் மறுநாள் மலைப்பாதையில் உங்கள் பிள்ளைகளை வைத்து ஓட்டப்போகிறார். அவருக்கு இரவு ஒரு லாட்ஜ் அறை எடுத்துக் கொடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள். இந்த வண்டிகள் டிரைவரோடுதான் வரும், அது நல்லதே. தண்ணீர்த் தொட்டி 100, 150 லிட்டர் இருக்கும். ஆறு பேர் குளித்தால் ஒரே காலையில் தீரும். கழிவறையை அவசரத்துக்கு, அப்பாவுக்கு, பிள்ளைகளுக்கு என்று வைத்துக்கொண்டு, குளியலைத் தங்குமிடத்தில் முடித்துவிடுங்கள். கழிவுத்தொட்டியை விடுதிக் கழிவறையில் கேட்டுக்கொண்டு காலி செய்யுங்கள். மண்டியா பக்கம் கால்வாய் ஓடுகிறதே என்று அதில் திறந்துவிடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில்தான் கீழே நாற்று நடுகிறார்கள்.

நான் சொல்லும் வழியில் கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்றும் வரும். மூன்றுக்கும் பர்மிட் சரியாக இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரவு நிறுத்த, சாலையோர ஹோட்டலோ விடுதியோ முன்கூட்டியே போன் பண்ணி, "கேரவன், ஒன்பது பத்து அடி உயரம், பிளக் வேண்டும், ஒரு அறை எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அந்த ஓர் அறை உங்கள் குளியல், டிரைவரின் தூக்கம், அப்பாவின் முழங்கால் மூன்றுக்கும் விடை.

சரி, வழி. மைசூர்ப் போர்களில் கிழக்கேயிருந்து இரண்டு சேனைகள் இரண்டு வழியில் வந்தன. 1791இல் கார்ன்வாலிஸ் ஆம்பூர்க் கணவாய் வழியாக வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே திரும்பி, சித்தூர் தாண்டி மொகிலி கணவாய் ஏறிக் கோலார் வழியாகப் பெங்களூர் வந்தார். 1799இல் இன்னொரு கம்பெனித் தளபதி ஹாரிஸ் வேலூரில் படை திரட்டி ராயக்கோட்டை வழியாக வந்தார். நீங்கள் கார்ன்வாலிஸ் வந்த வழியில் எதிர்த்திசையில் இறங்கி, ஹாரிஸ் வந்த வழியில் ஏறுங்கள். அப்போது கடைசி நாள் தானாகவே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முடியும்.

கிளம்புவதற்கு முன்தினம் பெங்களூர். இதற்கு கேரவன் வேண்டாம், மெட்ரோவும் ஆட்டோவும் போதும். கே.ஆர். மார்க்கெட் அருகே மிச்சமிருக்கும் கோட்டைத் துண்டு, டெல்லி கேட் என்கிற வாசல். 1791 மார்ச் 21 இரவு மதிலை உடைத்து நுழைந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. கோட்டைக் காவல் தலைவர் (கில்லேதார்) பகதூர் கான் அந்த இரவில் செத்தார். பஸ் ஹார்ன் சத்தத்தில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொண்டை கிழியும், ஆனாலும் போங்கள். அப்புறம் பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சேரும் முனையில், எல்லோரும் கடந்துபோகிற, ஒருவரும் நிமிர்ந்து பார்க்காத கல் தூண். படைக்குப் பாதை வெட்டிக் கொடுக்கும் மெட்ராஸ் பயனியர் படைப்பிரிவுகளில் செத்தவர்களுக்கானது. உங்கள் அப்பாவை அங்கே ஐந்து நிமிடம் தனியாக விடுங்கள். அவருடைய சாப்பர்ஸ் தன் பிறப்பாகக் கொள்ளும் நாள் 1780 செப்டம்பர் 30, சென்னையில் இரண்டு பயனியர் கம்பெனிகள் எடுத்த நாள். அதற்கு இருபது நாள் முன்னால்தான் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் மகன் திப்புவும் கம்பெனிப் படையை நொறுக்கினார்கள். ராணுவத்தில் சாப்பர்களை இன்றும் "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எழுபது வயதிலும் அவர் தம்பிதான். முள்வேலியை உடைக்கும் பெங்களூர் டார்பிடோ 1912இல் இங்கே சாப்பர்ஸில்தான் உருவானது என்று பேரப்பிள்ளைகளுக்கு அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குள் பழைய மெட்ராஸ் ரோட்டைப் பிடித்துவிடுங்கள், அப்புறம் கே.ஆர்.புரம் விடாது. கோலாரில் ஹைதர் குடும்பத்தின் மக்பரா, அதாவது சமாதி, இருக்கிறது. அவர் அப்பா ஃபத்தே முகமது அடங்கிய இடம். பெரிய கட்டடமெல்லாம் இல்லை. ஆனால் இங்கேதான் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1782 டிசம்பரில் சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டை முகாமில் ஹைதர் ராஜபிளவை வந்து செத்துப்போனார். மகன் திப்பு அப்போது மலபாரில் இருந்தார். சேதி வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும். அதனால் உடலுக்கு வாசனைத் திரவியம் போட்டு ஒரு பெட்டியில் வைத்து, ஏதோ கஜானா அனுப்புவதுபோல் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். அங்கே அப்பாவின் பக்கத்தில் கொஞ்ச காலம், பிறகு ஸ்ரீரங்கப்பட்டணம். கோலாரில் இதைச் சொல்லிவிட்டால், ஆறாம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சமாதி மண்டபமான கும்பஸில் அந்தக் கல்லறையைப் பார்க்கும்போது, "பெட்டியில் வந்த தாத்தாவா?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். என் அக்கா மகன் கேட்டான்.

மொகிலி இறக்கத்தில் டிரைவரை அவசரப்படுத்தாமல் மதியம் வேலூர் சேருங்கள். இரண்டு இரவு இங்கே. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு செத்த பிறகு அவர் குடும்பத்தை வைத்திருந்தது வேலூர்க் கோட்டையில். 1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருத்திக்கு அங்கே கல்யாணம். மறுநாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகையில் தோல் சின்னம், நெற்றியில் நாமமும் திருநீறும் கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகள்தான் உடனடிக் காரணம். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்ததும் அன்றைக்கே எல்லாம் முடிந்தது, நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். அவர்களுக்கான நினைவுத் தூண் மக்கான் சந்திப்பில் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எதிரே பழைய ஐரோப்பியக் கல்லறையில். இரண்டையும் ஒரே காலையில் பாருங்கள், ஒன்றை விட்டு ஒன்றைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஹைதரின் மனைவி பக்‌ஷி பேகம் உட்பட அந்தக் குடும்பத்தார் அடங்கியிருப்பது தோட்டப்பாளையத்தில். பாலாற்றங்கரைப் பக்கம் முத்து மண்டபம், கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு. அவர் 1832இல் வேலூரில் சிறைவாசத்திலேயே செத்தார். தோற்ற ராஜாக்களைக் கொண்டுவந்து வைக்கிற ஊராகவே வேலூரை வைத்திருந்தார்கள்.

புள்ளலூர் போகலாமா? நேரம் இருந்தால் மட்டும். வேலூரிலிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து கிராமச் சாலை. 1781இல் அங்கே நடந்த இரண்டாவது சண்டையில் இறந்த இரண்டு கம்பெனி அதிகாரிகளுக்கு எழுப்பிய இரண்டு கூம்புத் தூண்கள், சுற்றிலும் வயல். அவ்வளவுதான். பல்லவ மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகச் செப்பேடு சொல்வதும் இதே புள்ளலூர்தான் என்பது எனக்குப் பெரிய விஷயம். உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழுக்க வண்டியில் உட்காரும் அளவுக்குப் பெரிய விஷயமா என்று தெரியாது. போனால் கேரவனை வேலூரிலேயே போட்டுவிட்டு டாக்ஸியில் போங்கள். கிராமத்துத் தெருவில் தொங்கும் மின்கம்பியும் தலைமேல் ஏசியும் ஒத்துப்போகாது.

மூன்றாம் நாள் மாலையோ நான்காம் நாள் காலையோ கிருஷ்ணகிரி. அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. அம்மாவை இங்கே கட்டாயம் இறக்குங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், வில்லோடு நிற்பவன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் அவருக்கு மிச்சமிருக்கும் சந்தேகமும் போய்விடும். மேலே தெரியும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை 1791 நவம்பரில் தாக்கிய கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு நீங்களும் பிள்ளைகளும் ஏறுங்கள், அப்பா கீழே வண்டியில் கட்டையை நீட்டிப் படுக்கட்டும். கேரவன் எடுத்ததற்குப் பலன் இந்த இடத்தில்தான் தெரியும்: காரில் என்றால் அவர் இரண்டு மணி நேரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இறங்கும்போது ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி வாங்கிக்கொள்ளுங்கள், அதைவிட மலிவாக எங்கும் வராது. இரவு ஓசூர்.

ஐந்தாம் நாள் ஆனேக்கல், கனகபுரா, மளவள்ளி. எக்ஸ்பிரஸ் வேயை விட்டு இதில் வரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1799 மார்ச் 27 அன்று மளவள்ளியில் திப்பு மோதிப் பார்த்துப் பின்வாங்கினார். கார்ன்வாலிஸ் போன பழைய வழியில்தான் ஹாரிஸும் வருவார் என்று நினைத்து அங்கே தீவனத்தையெல்லாம் எரித்து வைத்திருந்தார். ஹாரிஸ் தெற்கே ஒதுங்கி, சோசலே என்ற இடத்தில் காவிரியைக் கடந்து, மாட்டுக்குத் தீனி இருந்த பக்கமாகப் போய்விட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் செத்த மாடுகள் படிப்பித்த பாடம். இந்தச் சாலையில் கரும்பு டிராக்டர்கள் வரும், இருட்டியபின் ஓட்ட வேண்டாம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நான் சொல்லும் ஒரே கட்டளை: கேரவனைக் கோட்டைக்குள் விடாதீர்கள். என் முதல் பயணத்தில் விட்டேன். கோட்டைக்குள் ரயில்பாதை, சந்து, கோயிலுக்கு வரும் பஸ்கள். ஒரு வேப்பமரக் கிளை ஏசியின் மூடியைச் சீவிவிட்டது. இரண்டாயிரம் ரூபாய் டெபாசிட்டில் போயிற்று. ஆற்றோர விடுதி ஒன்றில் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஆட்டோ பிடியுங்கள். முற்றுகை போட்டவர்களும் வெளியேதான் முகாமிட்டார்கள்.

முதலில் தரியா தௌலத். திப்புவின் 1784ஆம் ஆண்டு கோடை மாளிகை. மேற்குச் சுவர் முழுக்கப் புள்ளலூர்ச் சண்டை. சதுரமாக அணிவகுத்து நிற்கும் சிவப்புச் சட்டைகள், நடுவே பல்லக்கில் காயம்பட்ட கம்பெனித் தளபதி கர்னல் பெய்லி, வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி, சுற்றிலும் குதிரைகள். ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று குதிரைகளின் கண்ணை மட்டும் பாருங்கள். அந்தச் சண்டையில் பிடிபட்டு இங்கே கொண்டுவரப்பட்டவர்களில் டேவிட் பேர்ட் என்ற அதிகாரியும் ஒருவர். விலங்கில் இன்னொரு கைதியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அவருடைய தாய், "என் மகனோடு கட்டப்பட்டவன் பாவம்" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. 1784இல் விடுதலையானார். 1799 மே 4 மதியம் மதிலின் உடைப்பில் ஏறிய படைக்குத் தலைமை தாங்கியவர் அதே பேர்ட்.

உடைப்பு இருந்த இடத்தில், ஆற்றைப் பார்த்தபடி, மைசூர் அரசு 1907இல் எழுப்பிய தூண் நிற்கிறது. மே மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உங்கள் கண்முன்னே இருக்கும்: கோடையில் காவிரி பாறை தெரிய வற்றும், மழை வந்துவிட்டால் கடக்க முடியாது. அந்தக் காட்சிக்காக ஏப்ரலில் போகலாம் என்று தோன்றும். ஏசிக் கணக்கை மேலே சொல்லிவிட்டேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் உங்களுக்குச் சரி. திப்புவின் உடல் கிடந்த இடம், பெய்லி பெயரில் சொல்லப்படும் நிலவறைச் சிறை இரண்டும் நடக்கும் தூரம். சிறைக்குப் படி இறங்க வேண்டும், அப்பா மேலே நிற்கலாம். திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்றை 2017இல் இரட்டை ரயில்பாதைக்காக இடிக்காமல், அப்படியே பெயர்த்து 130 மீட்டர் நகர்த்தி வைத்தார்கள். என்ஜினியர் மருமகள் என்றால் அதற்கே ஒரு மணி நேரம் நிற்பார்.

ஆற்றங்கரையிலுள்ள ஐரோப்பியப் படைக் கல்லறைக்கு மாலை வெயிலில் போங்கள். கூம்பும் தூணுமாக நெருக்கமாகக் கட்டிய முன்னூறுக்கு மேற்பட்ட கல்லறைகள். சண்டையில் செத்தவர்கள் ஒரு பங்கு, 1799க்குப் பிறகு இங்கே காவலிருந்து காய்ச்சலில் செத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஒரு பங்கு. சுவிஸ் கூலிப்படையான டி மெரோன் பிரிவினரும் உண்டு. எங்கோ மலைநாட்டில் பிறந்தவன் காவிரிக் கரையில் கிடக்கிறான். சின்னக் கல்லறைகளைக் கண்டு என் மனைவி பேசாமல் வண்டிக்குத் திரும்பிவிட்டாள், அதையும் சொல்லிவைக்கிறேன்.

கும்பஸ் கடைசியாக, ஆறாம் நாள் காலை. திப்பு தன் அப்பாவுக்குக் கட்டியது. சுற்றிலும் மெருகேற்றிய 36 கருங்கல் தூண்கள், தந்தம் பதித்த கதவுகள் பின்னாளில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி கொடுத்தது, உள்சுவரில் புலிக்கோடு. நடுவில் ஹைதர், ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் திப்பு. அதே வளாகத்துப் பக்கத்தில் பெய்லிக்கும் ஒரு நினைவு மண்டபம், அவர் உறவினர் ஒருவர் 1816இல் எழுப்பியது. பிடித்தவனும் பிடிபட்டவனும் கூப்பிடு தூரத்தில். இங்கே மக்கள் பூவும் சாதரும் கொண்டுவந்து வேண்டிக்கொள்வதை அம்மாவே பார்ப்பார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும், அந்தக் கல் பத்து மணிக்கே சுட ஆரம்பித்துவிடும். எட்டரைக்குள் போய்விடுங்கள், பிள்ளைகளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் கையில் இருக்கட்டும்.